அக்கா போட்ட கேஸும் அக்கா போட்ட பூட்டும்

இது நடந்து இரண்டு ஐப்பசி முடிந்துவிட்டது. காரைக்குடியில் அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. செக்காலை ரோட்டில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் என் வண்டிதான் முதலாவதாக நின்றது. அன்று எனக்குக் கோர்ட்டில் வேலை. என் மேல் கேஸ் போட்டிருந்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காதான்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். அது என்னைத் தேடாது, நான் அதன் பக்கம் போக மாட்டேன். என் வாழ்க்கையில் நடந்த முதல் சமரசம் அதுதான். இரண்டாவது சமரசத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். சமரச மையத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் அக்காவிடம் கேட்டுவிட்டேன். "எழுது. ஆனா என்னைய அழுமூஞ்சியாக் காட்டுன, மறுபடி கேஸ் போட்ருவேன்" என்றாள். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கேஸ் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா கொத்தனார். செக்காலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாக இடம் வாங்கி, மற்றவர்கள் வீட்டு வேலை முடிந்த நேரத்தில் தன் வீட்டைத் தானே கட்டினார். ஒரு ஹால், ஓர் அறை, அடுப்படி, சந்தைப் பார்த்த மாதிரி பக்கவாட்டில் இன்னோர் அறை. எல்லாவற்றையும் மட்டம் பார்த்துக் கட்டியவர், தனக்குப் பிறகு வீடு யாருக்கு என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "இருக்கிறது ரெண்டே பேரு. பேசிக்கிட மாட்டீகளா?" என்பார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். அப்பாவும் போன பிறகு அக்காவும் நானும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினோம். அந்த ஒன்றைத் தவிர.

அக்காவைக் கொடுத்தது மானகிரியில். அத்தான் இறந்த பிறகும் அவள் அங்கேதான், கொழுந்தன் குடும்பத்தோடு இருந்தாள். பிள்ளை இல்லை. நான் என் மனைவி, மகன், மகளோடு அப்பா கட்டிய வீட்டில் இருந்தேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று பேங்கில் லோன் கேட்டேன். உங்கள் அக்காவுக்கும் இதில் உரிமை இருக்கிறது, அவரிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கி வாருங்கள் என்றார்கள். அதாவது, 'இந்த வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி டைப் அடித்து வாங்கி வைத்தேன்.

அப்போது பார்த்துப் பொங்கல் வந்தது. அக்காவுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு சேலை. ஆட்டோக்காரனுக்குக் காலி வண்டி ஓட்டுவதைப் போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறு கிடையாது. மானகிரிக்குச் சீர் கொடுக்க ஒரு நடை, கையெழுத்து வாங்க இன்னொரு நடை என்று எதற்கு அலைய வேண்டும்? பத்திரத்தை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தேன், அதன் மேல் சேலையை வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு போனேன்.

தாம்பாளத்தைக் கொடுக்கும்போது, "சேலைக்கு அடியில ஒரு பேப்பரு இருக்குக்கா, பொங்கலு முடிஞ்சு கையெழுத்துப் போட்டு வையி. சேலை வாங்குனதுக்கு ரசீதுன்னு நெனச்சுக்க" என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். அக்கா பேப்பரை எடுத்துப் பார்த்தாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

மாசி பிறந்ததும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பா வீட்டில் பாதி எனக்கு வேண்டும், பிரித்துக் கொடு, இல்லையென்றால் விற்றுக் கொடு.

கரும்பு கொண்டுபோய்க் கொடுத்தவனுக்குக் கேஸா என்று நான் குதித்தேன். யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். மானகிரியில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லார் மேலும் சந்தேகப்பட்டேன், அவர்கள் வீட்டு நாய் உட்பட. என் வக்கீலிடம், "கல்யாணத்துலயே நகை போட்டுத்தான அனுப்புனோம், அப்புறம் என்ன பங்கு?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தாலே எனக்குப் பாதகம் என்று அர்த்தம். "நகை வேற, பங்கு வேற. மகனுக்கு என்னவோ அதுதான் மகளுக்கும். இவ்வளவு சின்ன வீட்டைக் குறுக்கே வெட்டவும் முடியாது. பேசி முடிக்கலைன்னா கடைசியில ஏலத்துக்குத்தான் போகும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டை ஒட்டி லாட்ஜ் நடத்துகிறவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரொம்ப அன்பாக விசாரிக்க ஆரம்பித்தார். ஏலம் வந்தால் வீடு அவருக்குத்தான். பாதிப் பணத்தில் எனக்குக் காரைக்குடியில் ஒரு ஆட்டோ நிறுத்துகிற இடம்கூடக் கிடைக்காது. என் மனைவி ராத்திரி புரண்டு புரண்டு படுப்பாள். மகள் ஒருநாள், "நம்ம எங்கப்பா போவோம்?" என்று கேட்டாள். வண்டியைத் துடைக்கிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன்.

கேஸ் இழுத்துக்கொண்டே போனபோதுதான் ஜட்ஜ், கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிற சமரச மையத்தில் போய்ப் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார். அதற்குத்தான் அந்த மழை நாளில் கூப்பிட்டிருந்தார்கள்.

நேராகக் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். போகிற வழிக்கு ஒரு சவாரி கிடைத்தால் ஆகாதா என்று ஸ்டாண்டில் நின்றேன். கடவுள் கோர்ட்டுக்கே ஒரு சவாரியை அனுப்பினார். மானகிரியிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள் என் அக்கா.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. முதலில் நிற்கிற வண்டியில்தான் சவாரி ஏற வேண்டும். நான் போக மாட்டேன் என்று சொன்னால் எனக்குக் கடைசி இடம். பின்னால் நிற்பவர் ஏற்றினால் அவருக்கு அபராதம். அக்கா என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்ற பாய் வண்டிக்குப் போனாள்.

"யக்கா, முன்னால நிக்கிற வண்டில ஏறுங்க. வரிசை மாத்தி ஏத்துனா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாய்ங்க" என்றார் பாய்.

"அந்த வண்டி வேணாம்."

"ஏன்க்கா? ஆளுக்கு வாயிதான் நீளம். வண்டி பதனமா ஓட்டுவாரு."

"அந்த வாயத்தான் பொறந்ததுல இருந்து தெரியுமே."

மழை வலுத்தது. குடை ஒரு பக்கம் மடங்கியது. வேறு வழியில்லாமல் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "கோர்ட்டுக்குப் போகணும். என்ன கேப்பீக?" என்றாள்.

என்னை 'டேய்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டறியாதவள். அந்த மரியாதை, வக்கீல் நோட்டீஸைவிட அதிகமாகச் சுட்டது. எனக்கோ வலித்தால் ஜோக்தான் வரும். "எதிராளிகிட்ட வாடகை வாங்கலாமான்னு எங்க வக்கீலக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை. சாரல் அவள் மேல் அடித்தது. "கொஞ்சம் அங்குட்டு நகந்து உக்காருங்க" என்றேன்.

"நான் எங்குட்டு உக்காரணும்னு ஒரு பேப்பருல எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அதற்குப் பிறகு கோர்ட்டு வாசல் வரைக்கும் வண்டி இன்ஜின் மட்டும்தான் பேசியது.

வாசலில் இரண்டு வக்கீல்களும் நின்றுகொண்டிருந்தார்கள். வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆட்டோவிலிருந்து இறங்குவதை அவர்கள் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார்கள் போல. "யோவ், எதிர்பார்ட்டிய நீயே ஏத்திக்கிட்டு வாரியா?" என்று என் வக்கீல் பல்லைக் கடித்தார். "வரிசை சார்" என்றேன். அந்தப் பக்கம் அக்காவின் வக்கீல், "என்னம்மா, ராசியாயிட்டீகளா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "மழை சார்" என்றாள் அக்கா.

சமரச மையம் என்றதும் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி யாராவது பெரிய மீசையோடு உட்கார்ந்து, காலில் விழு என்று சொல்வார்கள் என நினைத்திருந்தேன். உள்ளே ஒரு வட்ட மேசை, நாலைந்து நாற்காலி, ஒரு ஃபேன். எல்லாம் ஒரே உயர நாற்காலி. சமரசம் பேசிவைக்கிறவர் நடுவயதில் ஒரு பெண் வக்கீல். நான் சும்மா இருப்பேனா? "ஜட்ஜு எங்க மேடம்?" என்றேன். "இங்கே தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. ஒத்துக்கலைன்னா பழையபடி கோர்ட். இங்கே பேசினது எதையும் அங்கே யாரும் எடுத்துச் சொல்ல முடியாது" என்றார்.

முதலில் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துப் பேசச் சொன்னார். அது சரிப்படவில்லை. "வீட்ட வித்து என் பங்கக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்து. "கரும்பு குடுத்ததுக்கு வெட்டரிவா குடுத்துட்டாக மேடம்" என்றேன் நான். பேச்சு அப்படியே சூடேறிப் போனது. மேடம் கையைக் காட்டி நிறுத்தி, தனித்தனியாகப் பேசலாம் என்றார்.

முதலில் என்னை வைத்துக்கொண்டார். "இந்தக் கேஸ்ல உங்களுக்கு எதைப் பத்திப் பயம்?" என்று கேட்டார். நான் லாட்ஜுக்காரர் அன்பைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். காத்திருந்தார். இன்னொன்று சொன்னேன். அதற்கும் காத்திருந்தார். ஸ்டாக் தீர்ந்துபோனது. அப்புறம்தான், "வீடு போச்சுன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியல மேடம்" என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார். ரொம்ப நேரம் ஆனது. நான் வராந்தாவில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வக்கீலும் அக்காவின் வக்கீலும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தவிர எல்லாரும் ராசியாகத்தான் இருந்தார்கள்.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது அக்கா கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். (இதைத்தான் எழுதக்கூடாது என்றாள். பரவாயில்லை.) மேடம் என்னிடம், "உங்க அக்கா என்கிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்லச் சம்மதிச்சிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனைதான். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தையும் வேடிக்கையாப் பேசக்கூடாது. முடியுமா?" என்றார்.

கோர்ட்டில் எவனுக்கும் இப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்க மாட்டார்கள். தலையை ஆட்டினேன்.

அக்கா சொன்னாள். அத்தான் போன பிறகு மானகிரி வீட்டில் கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. புதுப் பெண்ணுக்கு அறை வேண்டும் என்று அக்காவின் கட்டிலை நெல் மூட்டை போடுகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பிறகு மூட்டை வந்தது என்று வாசல் பக்கம். அவளுடைய டிரங்குப் பெட்டி இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் இரு என்றும் சொல்லவில்லை.

"சண்டை வந்து வெளிய போகச் சொன்னாலும் நமக்கு அப்பா வீடு இருக்குல்லன்னு நெனச்சுக்கிட்டேதான் அங்கன படுத்திருந்தேன். அந்த நெனப்பு ஒன்னுதான் எனக்குத் தலகாணி. பொங்கச் சீரோட அந்தப் பேப்பரும் வந்துச்சு. கையெழுத்துப் போட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. போடாட்டி தம்பி இல்ல. நான் என்னதான் செய்ய?"

மேடம் மெதுவாகக் கேட்டார்: "இதை நேராத் தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்புடிச் சொல்றது? இவன்கிட்ட என்ன சொன்னாலும் சிரிப்பாக்கிருவான். எம் பெட்டி படுற பாட்டைச் சொன்னா, பெட்டிக்கு பஸ் பாஸ் எடுத்துக் குடுன்னு சொல்லுவான். நான் அழுகுற விசயத்துக்கு ஸ்டாண்டே சிரிக்கும். அதான் வக்கீல்ட்ட போனேன். அவரு சிரிக்க மாட்டாருல்ல."

அவள் சொன்னது உண்மை. பெட்டி இடம் மாறிய கதையைக் கேட்டபோதே எனக்கு உள்ளுக்குள் அந்த பஸ் பாஸ் ஜோக் வந்து நின்றது. என்னை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. அவளைத்தான் எனக்குத் தெரியவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் கூடப் பிறந்தவள் வந்து கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை.

கடைசியில், "அக்கா, நம்ம வீட்டுக்கு வந்துரு" என்றேன்.

"வந்து? ஒம் பொண்டாட்டி மொகத்தப் பாத்துப் பாத்துச் சோறு திங்கவா? அங்கயும் ஓசி, இங்கயும் ஓசியா? அவ நல்லவதான். ஆனா நாளைக்கு அவளுக்கும் ஒரு மருமக வருவா. எம் பெட்டிய மறுபடி நகத்துவீங்க."

அப்போதுதான் என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "அப்ப கானாடுகாத்தான்ல மாதிரி ஒனக்குன்னு ஒரு அறையப் பிரிச்சுக் குடுத்து, பூட்டும் வாங்கித் தரவா?" என்றேன். சத்தியமாக அதைக் கிண்டலாகத்தான் சொன்னேன்.

கானாடுகாத்தான் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே இருக்கிற பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை நான் வண்டியில் கூட்டிப்போவேன். உள்ளே வளவு என்கிற முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஆள் மலேசியாவில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அந்த அறையில் அவர் பூட்டுத்தான் தொங்கும். சொந்த அண்ணனே ஆனாலும் அதைத் திறக்க மாட்டார். வீடு பொது, அறை தனி. ஆனால் அந்த முறையில் மகளுக்கு அறை கிடையாது.

நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. மேடம் பேனாவை எடுத்தார். "உங்க வீட்டில் அப்படி ஓர் அறை இருக்கா?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்தாள்.

"சந்து பக்கத்து அறை இருக்கு. பழைய டயரைப் போட்டு வச்சிருக்கான்" என்றாள். ஆட்டோவில் கொடுத்த 'கேப்பீக' மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "டேய், சாவி?"

"ஒன்கிட்ட மட்டும்."

"இன்னொரு சாவி?"

"அதுவும் ஒன்கிட்டதான்க்கா."

கேஸ் அந்த இடத்தில்தான் முடிந்தது. மீதியெல்லாம் எழுத்து வேலை. அடுத்தடுத்து உட்கார்ந்து பேசி, இரண்டு வக்கீல்களும் பார்த்து, ஒப்பந்தம் எழுதினார்கள். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கும். சந்து பக்கத்து அறை அக்காவுடையது. அதற்குத் தனியாக வாசல், ஒரு சின்ன அடுப்படி, ஒரு பாத்ரூம் நான் கட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற இடத்தில் நானும் என் குடும்பமும். ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் விற்கக்கூடாது. படித்துக் காட்டி, புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா போடும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நான் என் பெயரை எழுதி முடிக்கத்தான் எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதையே கோர்ட்டு தீர்ப்பாக்கிக் கொடுத்துவிட்டது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து லாட்ஜுக்காரர் என்னை விசாரிப்பதை நிறுத்திவிட்டார். என் மனைவி அன்றைக்கு ராத்திரி விட்ட குறட்டையைப் போல ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்து கிளம்பும்போது மேடம் என்னிடம், "உங்களுக்கும் ஒரு பையன், ஒரு பொண்ணுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டு அடுத்த கேஸ்காரர்களைக் கூப்பிடப் போய்விட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்பா சொன்ன அதே 'பேசிக்கிட மாட்டீகளா'வை நானும் என் பிள்ளைகளுக்கு விட்டுவைத்திருந்தேன்.

நேராக வக்கீலிடம் போய், உயில் எழுத வேண்டும் என்றேன். வீட்டில் சொன்னதும் மனைவி ஒப்பாரி வைக்காத குறை. "டாக்டரு என்ன சொன்னாரு? எங்கிட்ட ஏன் மறைக்கிறீக?" என்று சட்டையைப் பிடித்துவிட்டாள். உயில் எழுதினால் ஆயுசு குறையாது, வேண்டுமானால் மாற்றியும் எழுதலாம் என்று வக்கீல் சொல்லித்தான் அவள் தெளிந்தாள். என் பாதியில் அவள் உயிரோடு இருக்கிற வரை அவளுக்கு உரிமை, அதற்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தேன். அதைப் பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், அக்காவையும் வரவழைத்து, எல்லாரையும் உட்கார வைத்து மகளைப் படிக்கச் சொன்னேன். நான் படித்தால் உயில் முடிவதற்குள் என் காலமே முடிந்துவிடும்.

"எனக்கு எதுக்குப்பா பங்கு? தம்பியே வச்சுக்கிடட்டும்" என்றாள் மகள்.

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எதுக்குன்னு இப்ப தெரியாது. வாங்கி வையி. வேணாம்னா பெறகு ஒங் கையால நீயே குடு. எம் பங்குக்கும் நான் எழுதிட்டேன். அந்த அறை எம் மருமக ஒனக்குத்தான்."

"அப்ப எனக்கு ஒன்னுமில்லையா அத்தை?" என்றான் மகன்.

"ஒனக்கு ஒங்கப்பன் டயரெல்லாம் இருக்குல்ல."

வீடே சிரித்தது. அந்த ஜோக் என்னுடையது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அக்கா மானகிரியிலிருந்து பெட்டியோடு வந்த அன்று, பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்றை அவளே வாங்கி வந்தாள். அந்தக் கதவுக்கு அந்தப் பூட்டு அதிகம். கதவை ஒரு உதை விட்டால் திறந்துகொள்ளும், பூட்டு அப்படியே இருக்கும். ஆரம்பத்தில் எங்கள் அடுப்படிக்குக் காபி குடிக்க வந்தால்கூடப் பூட்டிவிட்டுத்தான் வருவாள். என் மனைவி அதைக் கண்டுகொள்ளாமல் காபியை ஆற்றிக் கொடுப்பாள். இப்போது அந்தப் பூட்டு, கதவு நிலையில் அடித்த ஆணியில் சும்மா தொங்குகிறது. சாவி மட்டும் அக்காவின் இடுப்பில்.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். ஜோக் அடிப்பதை விடவில்லை, விட்டால் ஸ்டாண்டில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். ஆனால் யாராவது குரலைத் தாழ்த்தி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் முடிக்கிற வரை வாயைக் கட்டிக்கொண்டிருக்கப் பழகியிருக்கிறேன். கஷ்டம்தான். நாக்கு அரிக்கும்.

மாடி இன்னும் எழும்பவில்லை. காலையில் நான் வண்டியைக் கிளப்பும்போது, "டேய், பொகையெல்லாம் எங்குட்டு வருதுன்னு பாரு, அங்குட்டுத் தள்ளி எடுத்துத் தொலையேன்டா" என்று சந்து பக்கத்து ஜன்னலிலிருந்து தினமும் ஒரு சத்தம் வரும். நடுவில் எந்த வக்கீலும் இல்லாமல் கூடப் பிறந்தவளிடம் நேரடியாகத் திட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேனே, அப்பா விட்டுப்போன சொத்தில் ஏலத்துக்குப் போகாமல் நான் காப்பாற்றிக்கொண்ட பெரிய பங்கு அதுதான் என்று ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.